பதினோரு ஸ்டூல்கள்

பொங்கல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலுள்ள ஒரு பட்டுப்புடவைக் கடையில் பதினோரு ஸ்டூல்கள் வந்து இறங்கின. அங்கே வேலை பார்த்த பதினோரு பெண்களில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஏழு பேரால் உட்கார முடியவில்லை. ஸ்டூல்களில் ஒரு குறையும் இல்லை. நல்ல வேப்பங்கட்டை, ஆடாத கால்கள். ஏழு பேரும் புடவையை ஒதுக்கிக்கொண்டு எல்லோரும் உட்காருவதுபோலத்தான் உட்காரப் போனார்கள். ஸ்டூலுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன, உடம்பு எழுந்து நின்றுகொண்டது. வலி எதுவும் இல்லை. கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலாளி அனந்தநாதன், தொழிலாளர் துறையிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தபிறகு, வேறு வழியில்லாமல் அவற்றை வாங்கிப் போட்டிருந்தார். அதுவரை நாள் முழுக்க நிற்பதே வேலையாக இருந்ததால் யாருக்கு உட்கார வரும், யாருக்கு வராது என்பது தெரிய வழியில்லாமல் இருந்தது. ஏழு பேரில் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு புடவை மடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த ஏழு பேரில் வடிவு ஒருத்தி. வாலாஜாபாத் காலனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அந்தக் குடும்பத்தில் பட்டுக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற முதல் ஆள் அவள்தான். பதினான்கு வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே ஜரிகை அசலா போலியா என்று சொல்லுமளவுக்குத் தேறியிருந்தாள். போன ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு மத்தியானம், மாடி மேனேஜர் லோகேஸ்வரன் அவளை மூன்றாவது மாடி ஸ்டாக் ரூமுக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே ஏறி வந்து கதவைத் தாழிட்டான். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. வடிவு முகம் கழுவிக்கொண்டு கீழே வந்து, செய்யாறிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாண வீட்டாருக்கு முகூர்த்தப் புடவைகளை எடுத்து விரித்தாள். அவர்கள் அரக்கில் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்காரப் போனாள், எழுந்து நின்றாள். வாலாஜாபாத்வரை நின்றுகொண்டே போனாள்.

அதன்பிறகு ஆறு மாதமாக அவள் உட்காரவில்லை. படுக்க முடிந்தது, மண்டியிட முடிந்தது, குதிகாலில் குந்தவும் முடிந்தது. இடுப்பை ஓரிடத்தில் வைத்து அமரத்தான் முடியவில்லை. சமையல் மேடையில் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டாள். சர்ச்சில் பிரசங்கம் முடியும்வரை மண்டியிட்டே இருந்தாள். போதகர் அவளுடைய பக்தியைப் பாராட்டினார். பஸ்ஸில் தன் இடத்தைப் பிறருக்குக் கொடுத்தாள். நல்ல மனசு என்று பெயர் கிடைத்தது. கணவன் யேசுதாஸ் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அதில் ஏறாமலிருக்க, பெட்ரோல் வாசனை குமட்டுகிறது என்று ஒரு காரணம் சொல்லிவைத்தாள். உட்கார முடியாதவளுக்குச் சும்மா நிற்கவும் முடியவில்லை. கால் மாற்றி நிற்பாள், நாலு எட்டு நடப்பாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பாள். வீட்டில் எந்நேரமும் அவளுடைய கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மகள் ஷாரோன் அந்த வருடம்தான் ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் குற்றவியல் படிக்கச் சேர்ந்திருந்தாள். சத்தமாகப் படித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். ஆகவே குற்றவியலின் முதல் பாடங்கள் அனைத்தும் வடிவின் காதிலும் விழுந்தன. போலீஸ் பதிவேட்டில் இருப்பது நடந்த குற்றங்களில் ஒரு சிறு பங்குதான். மற்றவை சொல்லப்படாமலே போகின்றன. சொல்லாதவர்கள் பலமுறை குற்றவாளியை அறிந்தவர்களாகவே இருக்கிறார்கள். தங்களையே கேள்வி கேட்பார்கள் என்று அஞ்சுகிறார்கள், வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள், சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நம்புகிறார்கள். இதையெல்லாம் ஷாரோன் தேர்வுக்காக நாலைந்து தடவை திருப்பிச் சொன்னாள். வடிவு அடுப்பின் முன் கால் மாற்றி நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை மட்டும், “அதை எழுதுன ஆளு பொம்பளையா?” என்று கேட்டாள். ஷாரோன் புத்தக அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆம்பளதாம்மா” என்றாள்.

மாசி மாதம் கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒவ்வொருவரும் நாற்பது வீடு ஏறி இறங்கி, போன வருடம் உங்களுக்கு எதிராக ஏதாவது குற்றம் நடந்ததா, போலீசில் சொன்னீர்களா, சொல்லவில்லையென்றால் ஏன் என்று கேட்டு எழுதி வரவேண்டும். பெயர் எழுதவேண்டியதில்லை. ஷாரோன் போன வீடுகளில் பாதிக்கு மேல் ஒருவராவது நின்றுகொண்டே பதில் சொன்னார்கள். நாற்காலிகளில் துணி மூட்டை கிடந்தது. ஒரு வீட்டில் மாமனார் நின்றார், இன்னொன்றில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். போலீஸ் உடுப்பிலேயே கதவைத் திறந்த ஒரு ஏட்டு, தன் பைக்கை ஸ்டேஷன் வாசலிலேயே எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டதாகவும் அதை எந்த முகத்தோடு எழுதிக் கொடுப்பது என்றும் நின்றபடியே கேட்டார். அர்ஜுனன் என்ற நெசவாளி தறிக்குழியை இன்னும் இரண்டடி ஆழமாகத் தோண்டி, இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டே நெய்தார். அவருடைய பட்டு நூலை மூன்று முறை எடுத்துக்கொண்டு போனவன் சொந்த மச்சான். “போலீசுக்குப் போனா என் பொண்டாட்டிக்குப் பொறந்த வீடு இல்லாம போயிடும்மா” என்றார். அதைச் சொல்லும்போதே தன்னை அறியாமல் குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஷாரோன் எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் மச்சான் சாப்பிட வந்ததும் எழுந்து நின்றவர், பிறகு உட்காரவில்லை. அந்தத் தெருக்களில் போன வருடம் பதிவான குற்றங்கள் இரண்டுதான் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அவள் ஒருத்தி பார்த்த நாற்பது வீட்டில் நின்றவர்கள் இருபத்தாறு பேர்.

ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. டாக்டர்கள் நரம்பு என்றார்கள். டீக்கடைகளில் பெஞ்சை எடுத்துவிட்டு உயரமான பலகை அடித்தார்கள். கல்யாண மண்டபங்களில் நின்று சாப்பிடும் பந்தி தனியாக வந்தது. அதற்கு நகரத்து நாகரிகம் என்று பெயர் சொல்லிக்கொண்டார்கள். வரதர் கோயில் கருட சேவையன்று ஊரே நிற்கும் என்பதால், அந்த ஒரு நாள் யாருக்கும் எதையும் மறைக்கவேண்டிய தொல்லை இருக்காது.

நாற்பது வீடு என்று எண்ணிக்கொண்டிருந்த ஷாரோனுக்கு, ஒரு படிவத்தில் காபி கொட்டிவிட்டதால் ஒன்று குறைந்தது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவிடம் வந்து நின்றாள்.

“ஒரு வீடு கொறையுதும்மா. நம்ம வீட்டையே எழுதிக்கிறேன். போன வருஷம் உனக்கு எதனா நடந்துச்சா? திருட்டு, மிரட்டல், அடி, வேற எதனா?”

“ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கோ.”

“போலீஸ்ல சொன்னியான்னு அடுத்த கேள்வி.”

“அதான் ஒண்ணும் இல்லன்றேனே. எழுதிக்கினு கெளம்பு, பஸ்ஸு போயிடும்.”

ஷாரோன் பேனாவைத் திறந்தாள். அம்மா சமையல் மேடையில் தட்டை வைத்து, இட்லியைப் பிய்த்துக்கொண்டு, இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றாள். பக்கத்தில் மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தது. ஷாரோன் அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். படிவத்தில் எதையும் எழுதாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று அவள் முப்பத்தொன்பது வீடுதான் கொடுத்தாள். ஒரு மதிப்பெண் குறைந்தது.

பங்குனியில் கடைக்கு யாழினி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. ஏனாத்தூரிலிருந்து சைக்கிளில் வந்தாள். ஆள் இல்லாத ஸ்டூல்கள் ஏழு கிடக்க, அதில் ஒன்றில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே புடவை மடித்தாள். இன்னொன்றில் லோகேஸ்வரன் உட்காருவான். அவனுக்கு எந்த ஸ்டூலிலும் உட்கார வந்தது. சேர்ந்த ஒன்பதாவது நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து கூட்டம் குறைந்த நேரத்தில், அவன் எழுந்து, “யாழினி, மேல வா. மயில்கழுத்துக் கலர்ல பத்து பீஸ் எறக்கணும்” என்றான்.

வடிவின் கையில் பாதி மடித்த புடவை இருந்தது. “நானும் வரேன் சார். பத்து பீஸ் அவ ஒருத்தியால தூக்க முடியாது” என்றாள்.

“நீ வேணாம். கஸ்டமரப் பாரு.”

வடிவு புடவையை அப்படியே போட்டுவிட்டுக் கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். யாழினிக்குப் பின்னால் படியேறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மற்ற ஆறு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ஏலவார்குழலி, எல்லோரும் குழலி என்று கூப்பிடுகிறவள், ஐம்பது வயது, மூட்டு வலிக்காரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள். ஸ்டாக் ரூம் வாசலில் லோகேஸ்வரன் நின்றிருந்தான். எட்டுப் பெண்கள் அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். “இன்னா இது?” என்றான். பத்துப் புடவைகளைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டு எட்டுப் பேரும் இறங்கி வந்தார்கள். மறுநாளும் அவன் கூப்பிட்டான். மறுநாளும் எட்டுப் பேர் ஏறி இறங்கினார்கள். மூன்றாம் நாள் அவன் கூப்பிடவில்லை. ஆனால் யாழினி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏங்க்கா எல்லாரும் கூட வரீங்க?” என்று யாழினி கேட்டாள். வடிவு அடுத்த புடவையை எடுத்து மடித்தாள். அன்று மாலை பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு கணக்கு அவள் மனதில் ஓடியது. குழலிக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. தனக்கு உயிர்த்தெழுந்த ஞாயிறு லீவு. இன்னொருத்திக்கு மகள் வளைகாப்பு. எல்லோரும் இல்லாத ஒரு நாள் வரும். அந்த நாள் அவனுக்கும் தெரியும். பஸ் வாலாஜாபாத் போய்ச் சேர்வதற்குள் அவள் கண்டக்டர் இடத்திலிருந்து பின் படிக்கட்டுவரை பத்துத் தடவை நடந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் கைகால் கழுவாமல் புருஷனையும் மகளையும் கூப்பிட்டுச் சொன்னாள். நாலு வாக்கியம்தான். சொல்லும்போது அவளுக்குப் பின்னால் நாற்காலி இருந்தது, அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடித்ததும் எழுந்து நின்றாள். யேசுதாஸ் வெளியே போய் ஆட்டோவைக் கிளப்பினான். ஷாரோன் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பாலாற்று மணலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தான் என்று பின்னால் தெரிந்தது. திரும்பி வந்தவன் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அவன வெட்டப் போவ. நான் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் நடந்துக்கினு இருப்பேன். இல்லன்னா என்னையே ஒரு மாதிரி பாப்ப. ரெண்டுல எது நடந்தாலும் அப்புறம் இந்த வீட்டுல எனக்கு இன்னா இருக்குது?”

அவன் யோசித்தான். இரண்டில் எதையும் செய்யமாட்டேன் என்று சட்டென்று சொல்ல அவனால் முடியவில்லை. கடைசியில், “நாளைக்கு நான் கூட்டிக்கினு போறேன்” என்றான். ஷாரோன் அன்று அம்மா பக்கத்திலேயே படுத்தாள். பாடத்தில் இருந்த எந்த வரியையும் அவள் திருப்பிச் சொல்லவில்லை.

காலையில் வடிவு முதலில் கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னாள். அனந்தநாதன் பரம்பரையாகப் பட்டு வியாபாரம் செய்யும் ஜைனக் குடும்பத்துக்காரர். தலையைக் குனிந்தபடி கேட்டார். லோகேஸ்வரன் இருபது வருட ஆள், கடையின் பெயர், ஆனி மாத முகூர்த்தங்கள் என்று தொடங்கினார். நடுவில் நிறுத்திவிட்டார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். அதை வடிவு அப்போதுதான் கவனித்தாள். கார்த்திகை மாதம், வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு வந்த ஒருவன், அவர் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டிருப்பதாகச் சொல்லி, இரண்டு பகல் அவரைத் தன் வீட்டு அறையிலேயே போன் முன்னால் கைதியாக நிறுத்தி வைத்திருந்தான். பாத்ரூம் போகவும் அனுமதி கேட்டிருக்கிறார். படித்த மனிதன் இப்படி ஏமாந்தான் என்று கடைத்தெரு சிரிக்குமே என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. “உங்கிட்டதாம்மா மொதல்ல சொல்றேன்” என்றார். சொல்லும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, “போய்ட்டு வா” என்றார். சைபர் போலீசுக்கு அவர் போன் செய்ய இன்னும் ஒரு வாரம் ஆனது.

ஏழு பேரில் ஸ்டேஷனுக்குப் போகத் துணிந்தவர்கள் வடிவையும் சேர்த்து மூன்று பேர். மற்ற நான்கு பேருக்கும் காரணம் இருந்தது. ஒருத்திக்கு மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, குழலி காரணமே சொல்லவில்லை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. யேசுதாஸ் விடியற்காலையிலேயே ஸ்பேனரை எடுத்து ஆட்டோவின் பின் சீட்டைக் கழற்றி வைத்திருந்தான். மூன்று பெண்களும் வெறும் தகரத்தில் குந்திக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மகளிர் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஷாரோன் முன்னால் அப்பா பக்கத்தில் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் லீவில் இருந்தார். சப் இன்ஸ்பெக்டர் சுகாசினி, உயரமான ஒரு மேசை முன்னால் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார். “உட்காருங்கமா” என்று வழக்கப்படி சொல்லிவிட்டு, மூன்று பேரும் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்டாகவேண்டியிருந்தது, கேட்டார். ஏன் தனியாக மேலே போனாய் என்பதையும் கேட்டார். வடிவு பதில் சொன்னாள். சுகாசினி அவசரப்படுத்தவில்லை. மூன்று புகாரும் எழுதி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. எண் போட்டு நகலைக் கையில் கொடுத்தபோது வடிவு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழவில்லை. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக அவள் கால்கள் சும்மா இருந்தன. மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுகாசினி நின்றுகொண்டே இருந்தார்.

“உங்களுக்கு இன்னாச்சுமா?” என்று வடிவு கேட்டாள்.

சுகாசினி பேனாவை மூடினார். “அது வேற ஸ்டேஷன் லிமிட்டுமா” என்றார்.

லோகேஸ்வரன் அன்று மாலை கைதானான். நாற்பது நாளில் ஜாமீனில் வந்தான். அவன் வெளியே வந்த அன்று வடிவு எழுந்து நின்றாள். நாலு நாள் நின்றாள். ஐந்தாம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலானதும் உட்கார்ந்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவள் எழுவதும் உட்காருவதுமாக இருக்கிறாள். கடையில் அவனுக்கு வேலை இல்லை என்று அனந்தநாதன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டாக் ரூமின் மரக்கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டார். மூன்று பெண்கள் புகார் கொடுத்த செய்தி தறித்தெருக்களுக்குப் போனதும், அங்கிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வருடம் மகளிர் ஸ்டேஷனில் முந்திய வருடத்தைவிட ஐந்து மடங்கு வழக்குகள் பதிவாயின. காஞ்சிபுரத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் பெருகிவிட்டன என்று பத்திரிகைகள் எழுதின. மேலிடம் விளக்கம் கேட்டது. குற்றத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதாகச் சொல்லி சுகாசினியைக் கடலோரத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றினார்கள். பதிவு கூடினால் குற்றம் கூடியதாக அர்த்தமில்லை என்பதற்கு ஷாரோன் தன் தேர்வில் இதை எடுத்துக்காட்டாக எழுதினாள். எழுதியது சரியென்று முழு மதிப்பெண் கொடுத்தார்கள். சுகாசினி கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவரை வழியனுப்பப் பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் பிளாட்பார பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்.

ஊர் பழகிக்கொண்டது. பெண் பார்க்க வரும் இடத்தில் மாப்பிள்ளையின் தாய் நின்றால், நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. இவர்கள் நிற்கிறவர்கள் என்று அறிந்து, காபியை நின்ற கைக்குக் கொடுக்கிறார்கள். கடையில் உட்கார முடியாத நான்கு பேருக்காக அனந்தநாதன் இடுப்புயரத்தில் சாய்மானப் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அவர்களைச் சுற்றி ஸ்டூல் போட்டுக்கொள்வார்கள். வெளியூர் வாடிக்கையாளர் யாராவது, ஏன் அந்த அம்மா உட்காரவில்லை என்று கேட்டால், அவங்களுக்கு அப்படித்தான் என்று யாழினி சொல்லிவிட்டு அடுத்த புடவையை விரிப்பாள்.

போன ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், குழலியும் வடிவும் ஒரு ஒன்பது கெஜத்தை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். குழலி முந்தானையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே, தலை நிமிராமல், “நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போலாமா?” என்றாள். எந்த ஸ்டேஷன், என்ன விஷயம், எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று வடிவு கேட்கவில்லை.

“போலாம். ஆறே முக்கால் பஸ்ல போயிடலாம்” என்றாள்.

குழலி வீடும் வாலாஜாபாத்தில்தான், மார்க்கெட்டுக்குப் பின்னால். மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். முதல் நடையில் கூட்டமே இல்லை, சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். குழலி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் வடிவுக்கு உட்கார வந்தது. அவளும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காஞ்சிபுரம்வரை நின்றுகொண்டே போனாள்.